கட்டடப் பரிசோதகரைத் தெரிந்தெடுப்பது யார்?

(மாத்தளையில் நிகழ்த்திய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

நாம் கூடியிருக்கும் இந்நகரத்தைச் சுற்றி நோக்குவோர்க்கு, கட்டுதல் என்னும் கலை மாத்தளை மாவட்டத்தில் எத்தனை நூற்றாண்டுகளாக, எத்தனை விதமாகப் பயின்று வந்திருக்கிறதென்பது தானே விளங்கும். வடக்கே சிகிரியாவின் அடிவாரத்தில், ஐந்தாம் நூற்றாண்டிலே மண்ணுக்கடியில் அமைத்த நீர்வழிகள் மழைக்காலத்தில் இன்றும் ஊற்றுகளை எழுப்புகின்றன. நாலந்தாவிலே பல்லவர் சிற்ப மரபைத் தழுவி எழுந்த கெடிகே என்னும் கற்றளி, மகாவலித் திட்டத்தின் போவதென்ன நீர்த்தேக்கத்தின் பொருட்டுக் கல்லைக் கல்லாகப் பெயர்த்தெடுக்கப்பட்டு, வேறிடத்தில் மறுபடி அடுக்கப்பட்டு நிலைபெற்றிருக்கிறது. நகரின் நடுவே முத்துமாரியம்மன் ஆலயத்தின் இராஜகோபுரம் 108 அடி உயர்ந்து விளங்குகிறது. அம்பன் கங்கையின் குறுக்கே, 2007 ஜனவரி 25ஆம் தேதி தொடங்கி 2018 ஜனவரியில் நிறைவெய்திய மொரகஹகந்த அணை, வயலுக்கு நீரும் 25 மெகாவாற் மின்சாரமும் தருகிறது. அந்த நீர்த்தேக்கத்துக்குப் பொறியியலாளர் குலசிங்கவின் பெயரை இட்டிருப்பது மிகப் பொருத்தமானது. முன்தகைப்புக் கொங்கிரீட்டை இந்நாட்டில் வேரூன்றச் செய்து, அரச பொறியியற் கூட்டுத்தாபனத்தை நிறுவி வளர்த்த அந்தப் பேராசானின் பெயர், கட்டட வேலையில் நேர்மையை விரும்பும் எவரும் மரியாதையுடன் உச்சரிக்கவேண்டிய பெயராகும்.

இவற்றின் புகழைப் பாடுவது இன்றைய என் நோக்கமன்று. ஒரு கட்டடம் எழும்போது, அதைக் கட்டுகிறவருக்கும் கட்டுவிக்கிறவருக்கும் கடமைப்படாத ஒருவர் அருகே நின்று, ஒவ்வொரு கட்டத்தையும் பார்த்து, “இது சரி, மேலே செல்லலாம்” என்றோ, “இது சரியன்று, நிறுத்துங்கள்” என்றோ சொல்லும் அதிகாரம் உடையவராக இருத்தல் வேண்டுமென்பதையும், அத்தகைய ஒருவர் நமது மாவட்டத்தின் பெரிய வேலைகளில் ஓரளவு இருந்தும் சிறிய வேலைகளில், அதிலும் தோட்டத்து மக்களுக்கென எழும் வீடுகளில், பெரும்பாலும் இல்லாமற்போவதையும் உங்கள் முன் எடுத்துரைக்கவே வந்திருக்கிறேன்.

கட்டடத்திலே கண்ணுக்குத் தெரிவது சிறிது. மறைந்து கிடப்பது பெரிது. வர்ணம் பூசிய சுவரையும் மெருகிட்ட தரையையும் வீட்டுக்குடையவர் பார்த்து மகிழலாம். ஆனால் அத்திவாரம் எவ்வளவு ஆழத்தில் எந்த மண்ணின்மேல் அமர்ந்திருக்கிறது, தூணுக்குள் இருக்கும் கம்பியின் பருமன் என்ன, அக்கம்பிகளைச் சுற்றி இறுக்கும் வளையங்கள் எத்தனை அங்குலத்துக்கு ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றன, கம்பிக்கும் வெளிப்புறத்துக்கும் இடையே துருவைத் தடுக்கப் போதுமான கனத்தில் கொங்கிரீட் இருக்கிறதா என்பனவெல்லாம் வேலை முடிந்தபின் எவர் கண்ணுக்கும் எட்டாதவை. ஆகையினாலே ஒவ்வொரு கட்டடத்திற்கும் சில முக்கியமான நாழிகைகள் உண்டு. அத்திவாரக் குழியை நிரப்புவதற்கு முன்னுள்ள நாழிகை, பலகை அடித்துக் கம்பி கட்டி முடிந்து கொங்கிரீட் வார்ப்பதற்கு முன்னுள்ள நாழிகை, சுவருக்குச் சாந்து பூசுவதற்கு முன்னுள்ள நாழிகை, கூரைமரங்களை மறைப்பதற்கு முன்னுள்ள நாழிகை ஆகிய இவற்றிலே பார்க்கத் தவறியதைப் பின்னர் பார்ப்பதற்குக் கட்டியதை உடைத்தே ஆகவேண்டும். பரிசோதகரின் உத்தியோகம் முழுவதும் இந்த நாழிகைகளிலேதான் அடங்கியிருக்கிறது. மாதம் ஒருமுறை வாகனத்தில் வந்து, எழுந்து நிற்கும் சுவரைத் தூரத்திலிருந்து நோக்கி, கோவையிலே கையெழுத்திட்டுச் செல்பவர் எவ்வளவு படித்தவராயினும், இந்த அர்த்தத்திலே பரிசோதகர் ஆகார்.

கொங்கிரீட் ஒன்றை மட்டும் எடுத்துச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன். ஏனெனில் மற்றவற்றின் லட்சணமும் அதிலிருந்தே புலப்படும். சீமெந்து நீரோடு சேர்ந்து இறுகும் இரசாயன வினைக்கு வேண்டிய நீர், சீமெந்தின் நிறையிலே ஏறக்குறையக் காற்பங்குதான். கலவையைக் கையாளுவதற்கு இலகுவாக இருக்கவேண்டி அதற்கு மேலும் ஓரளவு சேர்ப்பது நியாயமே. ஆயினும், வெயிலில் வேலை செய்யும் களைப்பினாலோ விரைவில் முடிக்கவேண்டுமென்ற அவசரத்தினாலோ வாளி வாளியாக நீரை ஊற்றிக் கலவையைக் கஞ்சிபோல் ஓடவிட்டால், மிகுந்த நீர் பின்னர் வெளியேறி எண்ணற்ற நுண்துளைகளை விட்டுச்செல்ல, அந்தத் தூணின் வலிமை பாதியாகவும் குறைந்துவிடக் கூடும். இதைக் கண்டறிவதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. 300 மில்லிமீற்றர் உயரமுள்ள ஓர் இரும்புக் கூம்பிலே கலவையை மூன்று அடுக்காக இட்டு, ஒவ்வோர் அடுக்கையும் கோலினால் 25 தடவை குத்தி, கூம்பை மெல்ல மேலே தூக்கினால், கலவை எவ்வளவு தாழ்கிறதென்பதைச் சாதாரண அளவுகோலே சொல்லிவிடும். அடுத்தபடியாக, கியூப் என்று வேலைத்தலத்திலே சொல்லும் 150 மில்லிமீற்றர்க் கனக் கட்டிகளை அதே கலவையில் வார்த்து, நீரில் இட்டு வைத்து, 7ஆம் நாளிலும் 28ஆம் நாளிலும் ஆய்வுகூடத்திலே நசுக்கிப் பார்ப்பார்கள்.

இம்முறைகள் உலகெங்கும் தெரிந்தவை. நமது நாட்டிலும் ஒவ்வோர் ஒப்பந்தப் பத்திரத்திலும் எழுதப்பட்டவை. அப்படியானால் குறை எங்கே நிகழ்கிறது? கட்டி வார்ப்பதற்கென்று தனியாக ஒரு கலவையைச் சீமெந்து தாராளமாகச் சேர்த்துத் தயாரித்துவிட்டு, தூணுக்கு வேறொரு கலவையைப் போடுவது எளிது. பரிசோதகர் செவ்வாய்க்கிழமை வருவாரென்று முன்கூட்டித் தெரிந்தால், செவ்வாய்க்கிழமைக் கலவை மட்டும் சிறப்பாக அமைவது எளிது. கம்பி வளையங்களைக் கீழ்ப்பகுதியில் நெருக்கமாகவும், கண்ணுக்கு எட்டாத மேற்பகுதியில் தளர்வாகவும் கட்டுவது எளிது. ஆகவே, பரிசோதகர் சொல்லாமல் வரவேண்டும். எந்தக் கலவையிலிருந்து கட்டி எடுக்கவேண்டுமென்பதை அவரே அவ்விடத்திலே தீர்மானிக்க வேண்டும். கட்டியின்மேல் அவரே அடையாளமிட்டு, ஒப்பந்தகாரரின் வண்டியை நாடாமல், அதனை ஆய்வுகூடத்திற்குச் சேர்ப்பிக்க வேண்டும். ஏணியில் ஏறித் தூணின் தலைப்பகுதியைத் தம் கையாலேயே அளந்து பார்க்க வேண்டும். அதுமட்டுமன்று. மேசன் பாஸ்மாரோடும் கம்பி கட்டும் தொழிலாளரோடும் அவர் மரியாதையுடன் பேசிப் பழகுபவராக இருத்தல் அவசியம். எந்த மூலையில் என்ன குறை நேர்ந்ததென்பது அங்கே கைவேலை செய்தவருக்குத் தெரியாமலிருப்பதில்லை. கூலிக்காக வாய்மூடி நிற்கும் அந்த மனிதர், தம்மை மனிதராக மதித்து விசாரிக்கும் ஒருவரிடம், பேர் சொல்லாமலாவது உண்மையைச் சொல்லிவிடுவார். இதை நான் பல இடங்களிற் கண்டிருக்கிறேன்.

இவ்வளவையும் செய்வது, ஒருவர் சுயேச்சையானவராக இருந்தாலன்றி இயலாது. சுயேச்சை என்று சொல்வது குணத்தைப் பற்றியது என்று பலர் நினைக்கிறார்கள். யோக்கியமான மனிதரைத் தேடிப் பிடித்துவிட்டால் போதும் என்கிறார்கள். எனக்கு அது உடன்பாடன்று. யோக்கியரும் குடும்பஸ்தரே. அவரை அந்த வேலைக்குத் தெரிந்தெடுத்தவரும், மாதந்தோறும் அவருக்குப் பணம் கொடுப்பவரும், விரும்பாதபோது அவரை நீக்கக்கூடியவரும் யாரால் பரிசோதிக்கப்பட வேண்டுமோ அவரேயானால், எவ்வளவு நல்லவருடைய பேனாவும் கையெழுத்திடும் இடத்திலே தயங்கும். எனவே மனிதருடைய குணத்தை ஆராய்வதற்கு முன், அவரைத் தெரிந்தெடுப்பவர் யார் என்ற கேள்வியைக் கேட்கவேண்டும் என்பதே நான் இன்று வற்புறுத்த விரும்பும் ஒரே கருத்து.

இக்கேள்வியை முதன்முதலாகக் கேட்டவர்கள் நாமல்லர். முதலாம் பராந்தக சோழனுடைய காலத்தில், கி.பி. 919இலும் 921இலும் உத்தரமேரூரிலே பொறிக்கப்பட்ட சாசனங்கள், ஏரியைக் கண்காணிக்கும் ஏரி வாரியத்திற்கும் பொன்னைக் குறித்த பொன் வாரியத்திற்கும் ஆட்களைத் தெரிவதற்கு வகுத்த விதிகளை நமக்குத் தருகின்றன. முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி அமரக்கூடாது. அவர் மாத்திரமன்று, அவருடைய நெருங்கிய உறவினரும் அமரக்கூடாது. அண்மையில் மூன்றாண்டுக் காலத்துள் பதவியிலிருந்தவருக்கும் இடமில்லை. தகுதியுள்ளவர் பெயர்களை ஓலையிலெழுதிக் குடத்திலிட்டு, விவரமறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பிக்க வேண்டும். குடவோலையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் அதனைத் தேர்தலின் முன்னோடி என்று பெருமைப்பட்டுக் கொள்கிறோம். ஏரிக் கரையையும் பொன்னையும் பார்க்கவேண்டிய மனிதர், பார்க்கப்படும் காரியத்தினால் இலாபம் அடைபவருடைய கைப்பிள்ளையாக ஆகிவிடலாகாதென்ற அச்சமும் எச்சரிக்கையும் அவ்விதிகளில் எவ்வளவு ஆழமாக உறைந்திருக்கின்றன என்பதை நாம் அத்தனையாகக் கவனிப்பதில்லை.

ஆயிரம் ஆண்டுகள் கழித்துத் துருக்கி தேசம் இதே முடிவுக்குத் துயரத்தின் வழியே வந்து சேர்ந்தது. 1999இல் மர்மரா பிரதேசத்தை உலுக்கிய பூகம்பத்தில் 17,000க்கும் மேற்பட்டோர் இறந்தபின், 2001இல் கட்டடப் பரிசோதனைக்கென ஒரு சட்டம் இயற்றித் தனியார் பரிசோதனைக் கம்பனிகளை அமைத்தார்கள். ஆனால் நடைமுறையிலே கட்டடத்தை எழுப்புவோரே தமக்கு வசதியான கம்பனியைத் தெரிந்தெடுத்து வந்தமையால் சட்டத்தின் நோக்கம் தளர்ந்தது. 2019ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்துதான், எந்தக் கட்டடத்திற்கு எந்தக் கம்பனி என்பதைக் கணினிக் குலுக்கலினால் அரசாங்கமே தீர்மானிக்கும் முறை வந்தது. அதற்குள் பல இலட்சம் கட்டடங்கள் எழுந்துவிட்டிருந்தன. 2023 பெப்ரவரி 6ஆம் தேதியின் பூகம்பங்களில் அந்நாட்டில் 50,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

செல்வமும் சட்டமும் மிக்க இங்கிலாந்திலும் இதே பாடத்தைக் கற்பதற்கு 72 உயிர்கள் தேவைப்பட்டன. 2017 ஜூன் 14இல் இலண்டனில் கிரென்ஃபெல் என்னும் உயர்ந்த குடியிருப்பு எரிந்தபின், அடுத்த ஆண்டில் வெளிவந்த ஆய்வறிக்கை, கட்டுவோர் தமக்கு வேண்டிய பரிசோதகரைத் தாமே அமர்த்திக்கொள்ளும் வழக்கத்திலுள்ள முரண்பாட்டைச் சுட்டிக்காட்டியது. 2022ஆம் ஆண்டின் கட்டடப் பாதுகாப்புச் சட்டம், ஆபத்து மிகுந்த உயர் கட்டடங்களைப் பொறுத்தவரை அந்தத் தெரிவுரிமையை அகற்றியது. பிரான்சு தேசம் இவர்களுக்கெல்லாம் முற்பட்டு, 1978 ஜனவரி 4ஆம் தேதிய சட்டத்தினால், கட்டியவர் பத்தாண்டுக்குப் பொறுப்பென்று விதித்ததோடு, தொழினுட்பப் பரிசோதகராக இருப்பவர் திட்டம் வரைதலிலோ கட்டுதலிலோ ஈடுபடலாகாதென்றும் தடுத்துவிட்டது. மதியுரைப் பொறியியலாளரின் சர்வதேசச் சம்மேளனமான ஃபிடிக் வெளியிடும் ஒப்பந்த நிபந்தனைகளைப் பாருங்கள். 1987ஆம் ஆண்டுப் பதிப்பில் பொறியியலாளர் பக்கஞ்சாராது நடக்கவேண்டுமென்று இருந்தது. 1999ஆம் ஆண்டுப் பதிப்பில் அவர் வேலை கொடுத்தவரின் சார்பில் செயற்படுபவரென்றே கொள்ளப்பட்டார். 2017ஆம் ஆண்டுப் பதிப்பிலோ, பிணக்குகளைத் தீர்மானிக்கும் நேரத்தில் நடுநிலை பூணவேண்டுமென்று மறுபடி வற்புறுத்தினார்கள். உலகத்தின் பெரிய அறிவாளர்களுக்கும் இது தீராத பிரச்சினையாக இருந்து வருகிறதென்பது இதனால் விளங்கும்.

பெரிய அணைகளிலே இந்தக் கண்காணிப்பு ஒருவாறு நடைபெறுவதற்குக் காரணம் உண்டு. பணம் கொடுக்கும் வெளிநாட்டு நிதியங்கள் கேட்கின்றன. தவறினால் நேரக்கூடிய பேரிழப்பு எல்லோர் கண்முன்னும் நிற்கிறது. மண்ணணை எழும்பும்போது ஒவ்வோர் அடுக்கையும் உருட்டி இறுக்கியபின், அதன் இறுக்கத்தை அளந்து ஒப்புக்கொண்டபின்னரே அடுத்த அடுக்கைக் கொட்ட விடுவார்கள். அடித்தளப் பாறையில் துளையிட்டு நீரை அழுத்திச் செலுத்தி, எங்கே கசிகிறதென்று அறிந்து, சீமெந்துக் குழம்பைச் செலுத்தி அடைப்பார்கள். இவ்வளவு செய்தும், சமனலவெவ அணையின் வலப்புறக் கரையிலே, குகைகள் நிறைந்த சுண்ணாம்புப் பாறையைப் பற்றி நிலவியல் அறிஞர்கள் முன்னரே கவலை தெரிவித்திருந்தும், 1992இல் நீர் நிரப்பும்போது பெருங்கசிவு உண்டாகி இன்றுவரை நீடிக்கிறது. நமது அம்பன் கங்கையின் நீர் எலஹெர வாய்க்கால் வழியே மின்னேரியாவுக்கும் அப்பாற் கந்தளாய்க்கும் பாய்கிறது. அந்தக் கந்தளாய்க் குளத்தின் அணை 1986 ஏப்ரல் 20ஆம் தேதி அதிகாலையில் உடைந்து, நூற்றுக்கும் மேற்பட்ட மக்களைக் கொண்டுசென்றது. கட்டிய நாளிலே பார்த்தல் போல, கட்டியபின்னரும் ஆண்டுதோறும் பார்த்தல் பரிசோதனையின் பகுதியே என்பதை அந்த அனர்த்தம் உணர்த்தியது. எனினும் அணைகளைப் பற்றி நான் இங்கே அதிகம் பேசப்போவதில்லை. அவற்றுக்குக் குரல்கொடுக்க வல்லவர் பலர் உளர்.

தமிழகத்தில் நடந்த இரண்டு காரியங்களைச் சொல்லி, பிறகு நம் வீட்டு வாசலுக்கு வருகிறேன். 2014 ஜூன் 28ஆம் தேதி மாலை, சென்னையை அடுத்த மௌலிவாக்கத்திலே கட்டி முடியும் தறுவாயிலிருந்த 11 மாடிக் கட்டடம் மழைக்கிடையே சரிந்து 61 பேர் மாண்டனர். மாண்டவர்களிற் பெரும்பாலோர் அக்கட்டடத்தில் வேலைசெய்த கூலித் தொழிலாளர்களும் அவர்கள் குடும்பத்தினருமே. கட்டடம் பலவீனமாக இருந்தால் முதலிற் சாவது அதை வாங்கியவரல்லர், அதனடியில் உறங்கும் தொழிலாளி என்பதைப் பரிசோதனை வெறுஞ் செலவு என்று முணுமுணுப்பவர்கள் நினைத்துப் பார்க்கவேண்டும். மற்றொன்று, 2021இல் சென்னைப் புளியந்தோப்பில் ஏழை மக்களுக்கென அரசாங்க வாரியம் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பு. குடிபுகுந்தவர்கள் விரலினாற் சுவரைச் சுரண்டிச் சாந்து உதிர்வதைக் காட்டினார்கள். ஊர் முழுவதும் அதைப் பார்த்தது. அரசாங்கம் சென்னை ஐ.ஐ.டி. நிபுணர்களைக் கொண்டு சோதிப்பித்தது. சுயேச்சையான பரிசோதகர்கள் வந்தார்கள், உண்மைதான். ஆனால் மக்கள் குடியேறிய பிறகு வந்தார்கள். பூசுவதற்கு முந்திய நாழிகையில் அவர்களுள் ஒருவர் அங்கே நின்றிருந்தால், சுவரைச் சுரண்டிக் காட்டும் சிறுமை அந்தத் தாய்மார்களுக்கு நேர்ந்திராது.

இனி நமது மலைகளுக்கு வருவோம். மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை வழியே காட்டுப் பாதையில் நடந்து, வழியிலே பலரைப் பறிகொடுத்து, நமது முன்னோர் முதலில் வந்து சேர்ந்த மலையக வாசல் இந்த மாத்தளையே. எல்கடுவவிலும் றத்தொட்டையிலும் உக்குவளையிலும் யட்டவத்தையிலும் அவர்களுக்கென எழுந்த லயங்கள், பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைகளாக, ஒரே கூரையின்கீழ் வரிசையாக அமைந்தவை. அவற்றைக் கட்டியவரும் தோட்ட நிர்வாகம். சரியாகக் கட்டப்பட்டதென்று சொன்னவரும் தோட்ட நிர்வாகம். அவற்றிற் குடியிருந்தவருக்கு வேலை கொடுத்தவரும் தோட்ட நிர்வாகம். 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, நகரத்திலே ஒருவர் வீடு கட்டினால் திட்டத்துக்கு அங்கீகாரம் பெறவேண்டும். கட்டியபின் இணக்கச் சான்றிதழ் பெற்றே குடிபுக வேண்டும். தோட்டத்துக் குடியிருப்புகளோ உள்ளூராட்சியின் பார்வைக்குப் புறம்பாகவே கிடந்தன. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டமும் அங்கே சபைகள் தாராளமாகப் பணிசெய்வதற்கு இடந்தராதிருந்து, 2018இலேதான் திருத்தம் பெற்றது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக, ஒரு முழு சமூகத்தின் உறைவிடங்களை அச்சமூகத்தின் சார்பிலே அளந்து பார்க்க ஒரு கண்ணும் இருக்கவில்லை. இதைச் சொல்லும்போது எனக்குத் துக்கம் மேலிடுகிறது.

காலம் மாறி வருகிறது என்பதை நன்றியுடன் ஒப்புக்கொள்ள வேண்டும். இந்திய அரசாங்கத்தின் உதவியால் இலங்கையில் 50,000 வீடுகளைக் கட்டும் திட்டத்தில் 4,000 வீடுகள் மலையகத்துக்கென ஒதுக்கப்பட்டன. 2017 மே மாதத்தில் நோர்வூட்டிலே மேலும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. குடும்பத்துக்கு ஏழு பேர்ச்சஸ் நிலமும் அதில் தனி வீடும் என்ற கனவு கண்முன் எழத் தொடங்கியது. வடக்கிலும் கிழக்கிலும் அத்திட்டம் பெரும்பாலும் வீட்டுக்குடையவரே கட்டும் முறையில் நடந்தபோது, அத்திவாரம் முடிந்தது, சுவர் எழுந்தது, கூரை போட்டாயிற்று என்று தொழினுட்ப உத்தியோகத்தர் பார்த்து ஒப்பமிட்ட பின்னரே அடுத்த தவணைப் பணம் கொடுக்கப்பட்டது. அந்த முறையின் விசேஷம் என்னவென்றால், குடியிருக்கப்போகும் அம்மையாரே தினமும் அங்கே நிற்கிறார். கல் நொறுங்கினால் அவர் கேட்கிறார். ஒப்பந்தகாரர் கட்டிச் சாவியைக் கையளிக்கும் முறையிலோ, காலையில் கொழுந்து பறிக்கச் சென்று மாலையில் திரும்பும் அந்த அம்மையார், தம் வீடு எழும்புவதைத் தூரத்திலிருந்தே பார்க்கிறார். பணம் அவருடையதன்று, வரைபடம் அவர் மொழியில் இல்லை, குறைசொன்னால் கிடைப்பதும் கிடைக்காமற் போய்விடுமோ என்ற பயம் வேறு. விலைகொடுத்து வீடு வாங்குபவருக்கு வழக்கறிஞரும் உண்டு, பொறியியலாளரும் உண்டு. நன்கொடையாக வீட்டைப் பெறுபவருக்கு, அவர் பக்கத்தில் நின்று பார்க்கும் பரிசோதகரைத் தவிர வேறு துணையில்லை.

மலைச்சரிவிலே வீடு கட்டுவதென்பது சமதரையிலே கட்டுவதினின்றும் முற்றாக வேறுபட்ட காரியம். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாயமுள்ளவையென வகுத்த மாவட்டங்களில் மாத்தளையும் ஒன்று. வீட்டு நிலத்துக்காக மலையை வெட்டிய முகம் எத்தனை செங்குத்தாக இருக்கிறது, மேலிருந்து வரும் மழைநீரைத் திருப்பிவிட வாய்க்கால் உண்டா, தாங்குசுவரிலே நீர் வடிவதற்குத் துளைகள் விட்டிருக்கிறார்களா, வெட்டிய மண்ணைக் கீழே தள்ளி அந்த நிரப்பு மண்ணின்மேலேயே அடுத்த வீட்டின் அத்திவாரத்தை அமர்த்திவிட்டார்களா என்பன, கம்பியையும் சீமெந்தையும்விட முதலிற் பார்க்கவேண்டியவை. தாங்குசுவரின் துளைகள் அற்பமாகத் தோன்றலாம். அவை அடைபட்டிருந்தால் ஈரமண்ணின் பாரத்தோடு தேங்கிய நீரின் அழுத்தமும் சேர்ந்து சுவரைத் தள்ளிவிடும். 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளி இந்நாட்டில் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொள்ளைகொண்டபோது, மண்சரிவினால் பெரிதும் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் நமது மாவட்டமும் இடம்பெற்றதை நீங்கள் அறிவீர்கள். உங்களிற் சிலர் உற்றாரை இழந்தவர்கள். இழந்த வீடுகளுக்குப் பதிலாகப் புதிய வீடுகள் எழவேண்டும், விரைவாகவும் எழவேண்டும். விரைவு வேண்டப்படும் காலங்களிலேதான் அத்திவாரக் குழிகள் பார்ப்பாரின்றி மூடப்படுகின்றன.

ஒப்பந்தகாரர்கள் எல்லோரையும் நான் குறைகூறுவதாக எவரும் எண்ணவேண்டாம். சிறு ஒப்பந்தகாரர் பலர் கடன்பட்டு வேலை எடுத்து, பட்டியற் பணம் மாதக்கணக்கில் தாமதமாகக் காத்திருந்து நொந்தவர்கள். பரிசோதனை இல்லாத இடத்திலே முதலில் தோற்பவரும் அவர்களுள் நேர்மையானவரே. ஒரு மூடைச் சீமெந்தில் இத்தனை கல்தான் வார்க்கலாமென்று கணக்கிட்டு விலை கூறுபவர், அதே மூடையில் ஒன்றரை மடங்கு கல் வார்ப்பவரோடு விலையிற் போட்டியிட இயலாது. சீமெந்துக் கல்லுக்கு இலங்கைத் தரம் 855 என்று தரக்கட்டளை இருக்கிறது. 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தினால் நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபையும் அமைந்திருக்கிறது. விதிகளுக்குக் குறைவில்லை. விதியை வேலைத்தலத்துக்குக் கொண்டுசெல்லும் மனிதரும், அவருக்கு அங்கே நிற்பதற்கான சுதந்திரமுமே குறைவு.

ஆகவே நான் கேட்பது இதுதான். இம்மாவட்டத்திலே பொதுப்பணத்தாலோ நன்கொடையாலோ எழும் வீடு, பாடசாலை, ஆஸ்பத்திரி ஒவ்வொன்றிற்கும், தகுதியுள்ள பொறியியலாளர், தொழினுட்ப உத்தியோகத்தர் ஆகியோரின் பெயர்ப்பட்டியலொன்றிலிருந்து குலுக்கல்மூலம் பரிசோதகரைத் தெரிதல் வேண்டும். அப்பட்டியலிலே ஓய்வுபெற்ற அனுபவசாலிகளும் இருக்கட்டும். தொழினுட்பக் கல்லூரியிற் பயின்று வெளிவரும் நமது தோட்டத்துப் பிள்ளைகளும் அவர்களுக்கு உதவியாளராகச் சென்று கற்கட்டும். தந்தையின் கைபட்ட கொங்கிரீட்டை மகளொருத்தி கூம்பு வைத்து அளந்து பார்க்கும் நாளை நான் பெரிதும் விரும்புகிறேன். பரிசோதகரின் சம்பளம் ஒப்பந்தகாரரின் பட்டியலுக்குள் அடங்காமல், திட்டத்தின் தொடக்கத்திலேயே தனியாக ஒதுக்கி வைக்கப்பட வேண்டும். ஒப்பந்தகாரருடனோ, அவருக்கு வேலை கொடுத்த அதிகாரியுடனோ உறவோ வியாபாரமோ உடையவர் அந்த வேலைக்கு வரலாகாது. மூடும் நாழிகைகள் இன்னின்னவென்று ஒப்பந்தத்திலேயே குறித்து, அவரது ஒப்பமின்றி மூடப்பட்ட எதனையும் ஒப்பந்தகாரர் தம் செலவிலேயே திறந்துகாட்ட வேண்டுமென்று விதித்தல் வேண்டும். அவர் எழுதும் ஒவ்வோர் அறிக்கையின் பிரதியும், குடியிருக்கப்போகும் குடும்பத்திற்கு அவர்கள் வாசிக்கும் மொழியிலே கிடைக்க வேண்டும்.

இன்னுமொன்று. வேலை முடிந்தபின் குறைகள் தோன்றினால் திருத்துவதற்கென்று ஒப்பந்தத் தொகையில் வழக்கமாக 5 வீதம் வரையிற் பிடித்து வைத்து, குறைதீர்க்கும் காலம் ஓராண்டு கழிந்ததும் மீதியை விடுவிக்கிறார்கள். அந்த ஓராண்டு நாட்காட்டியிலே கழிந்துவிடுகிறது. எவரும் திரும்பிச் சென்று பார்ப்பது அரிது. நமது மலைகளிலே ஐப்பசி முதல் தை வரையில் பெய்யும் பெருமழைதான் கூரையையும் தாங்குசுவரையும் வாய்க்காலையும் உண்மையாகச் சோதிக்கிறது. ஆதலால் ஒரு மழைக்காலம் முழுவதும் கழிந்தபின், மாசியிலே அதே பரிசோதகர் அதே வீட்டுக்குச் சென்று, அந்த வீட்டுக்காரருடன் சேர்ந்து நடந்து பார்த்து, இருவரும் ஒப்பமிட்ட பின்னரே அந்த மீதித் தொகை கையளிக்கப்பட வேண்டும். இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. ஒப்பந்தப் பத்திரத்தில் ஒரு வாசகத்தைச் சேர்த்தாற் போதும். மாத்தளை மாவட்டத்தில் அடுத்து எழப்போகும் வீட்டுத் தொகுதியின் பத்திரத்திலேயே அதைச் சேர்க்கும்படி, இங்கே வந்திருக்கும் மக்கட் பிரதிநிதிகளையும் உத்தியோகத்தர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.